போர்டு போனால் எல்லாம் போகும்: குளச்சல் அலுவலகம் ஒன்றின் மடிக்கணினிகள்

குளச்சலில் கடற்கரையை ஒட்டி ஒரு கட்டட வரைபட அலுவலகம் இருக்கிறது. 2022 ஜூலையில் அங்கே ஒரே மாதிரியான நான்கு விலை உயர்ந்த மடிக்கணினிகளை வாங்கினார்கள். மூன்று ஆண்டு முடிந்தபோது அவற்றில் ஒன்றுதான் எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது. 2015இல் அலுவலகம் திறந்தபோது வாங்கிய ஐந்து பழைய மிஷின்களில் நான்கு இன்றும் மேசையில் இருக்கின்றன. கேட்டவுடன் "அந்தக் காலத்துச் சாமான் மாதிரி வருமா?" என்று சொல்லத் தோன்றும். இரண்டு தலைமுறை மிஷின்களையும் திறந்து பார்த்த எனக்கு அந்தப் பதில் போதவில்லை. புதியவை பழையவற்றைவிட அடிக்கடி பழுதாகவில்லை. எண்ணிப் பார்த்தால் குறைவாகத்தான் பழுதாயின. ஆனால் பழுதான ஒவ்வொரு முறையும் அலுவலகம் முடங்கியது. அது ஏன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இடமும் மிஷின்களும்

நாகர்கோவிலில் இருந்துகொண்டு சிறிய அலுவலகங்களின் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் தொழில். இந்த அலுவலகம் மாடியில் இருக்கிறது. மேற்குச் சன்னலைத் திறந்தால் கடல். உரிமையாளர் வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பிய சிவில் இன்ஜினியர். அவருடைய அறையில் மட்டும் ஏசி. மற்றவர்கள் சன்னலைத் திறந்துவைத்து மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வீட்டு வரைபடம் போடுகிறார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவம், அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை வடகிழக்குப் பருவம் என்று இரண்டு மழையையும் வாங்கும் மாவட்டம் இது. மழை பெய்யாத நாளிலும் அந்தச் சன்னல் கம்பியைத் தொட்ட விரலை நாக்கில் வைத்தால் கரிக்கும்.

பழைய ஐந்தும் அலுவலகங்களுக்கென்று விற்கப்பட்ட பிசினஸ் ரகம். கனமான கறுப்பு உடல், பின்னால் கழற்றக்கூடிய பேட்டரி, கீழ் மூடியைத் திறந்தால் ரேம் (வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம்) மாட்ட இரண்டு ஸ்லாட், ஒரு ஹார்ட் டிஸ்க். சார்ஜர் குத்தும் ஜாக்கூட ஒரு சிறு கேபிளோடு தனிப் பாகமாக இருக்கும். புதிய நான்கும் அலுமினிய உடல் கொண்டவை. எடை ஒன்றேகால் கிலோவை ஒட்டி, விலை ஒவ்வொன்றும் லட்சத்துக்கு மேல். ரேம், மிஷினின் முதன்மை மின்சுற்றுத் தட்டான போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருந்தது. பேட்டரி உள்ளே. சார்ஜ் செய்ய இருக்கும் வழி இரண்டு யூஎஸ்பி-சி துளைகள்தான், அவையும் போர்டிலேயே. நான்கில் மூன்று குளச்சலில் இருந்தன. ஒன்று மார்த்தாண்டம் கிளைக்குப் போனது. இந்த ஒன்றைப் பிறகு பார்ப்போம். ஆய்வுக்கு மிகவும் உதவியது அதுதான். இவை தவிர உரிமையாளர் தன் சொந்த உபயோகத்துக்கு வாங்கிய எம்1 சிப் மேக்புக் ஏர் ஒன்றும் அதே மாடியில் இருந்தது.

புதிய நான்கும் எந்த நிறுவனத்தின் தயாரிப்பு என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் படிப்பவர் அந்தப் பெயரை மட்டும் ஒதுக்கிவிட்டு, இதே அமைப்புள்ள வேறொரு பெயரை வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருப்பார்.

காலையில் எழாத மிஷின்

2023 நவம்பரில், ஒரு வாரம் விடாத மழைக்குப் பிறகு, மூன்றில் ஒன்று காலையில் ஆன் ஆகவில்லை. விளக்கு எரியவில்லை, சார்ஜர் போட்டாலும் அசைவில்லை. உத்தரவாதம் முடிந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. நாகர்கோவிலில் கொடுத்தோம், அங்கிருந்து வெளியூருக்குப் போய்த் திரும்பி வந்தது. கூடவே ஒரு தாள்: போர்டில் அரிப்பு, போர்டை மாற்ற வேண்டும். சொன்ன விலை மிஷினின் விலையில் பாதியைத் தாண்டியது. உத்தரவாதம் இருந்திருந்தாலும் பயனிருந்திருக்காது. அரிப்பும் ஈரமும் அதில் சேராது என்று பெரும்பாலான நிறுவனங்களின் விதிமுறைகளில் எழுதியிருக்கும்.

கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டி வட்டு மட்டும் இந்த மாதிரியில் கழற்றக்கூடியதாக இருந்தது. அதைக் கழற்றி இன்னொரு மிஷினில் மாட்டினேன். திரையில் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டது. புதிய மடிக்கணினிகளில் விண்டோஸ் 11 பல நேரங்களில் தானாகவே வட்டைப் பூட்டிவிடும். அதன் சாவி போர்டில் இருக்கும், டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதிக்குள் இருக்கிறது. போர்டு இருக்கும்வரை பயன்படுத்துகிறவருக்குப் பூட்டு இருப்பதே தெரியாது. போர்டு போய்விட்டால் மீட்பு எண் ஒன்றே வழி. அந்த எண், மிஷினை முதன்முதலில் ஆன் செய்தவரின் மைக்ரோசாப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும்.

முதன்முதலில் ஆன் செய்தவர் முந்தைய ஆண்டே மஸ்கட்டுக்கு வேலைக்குப் போயிருந்த டிராப்ட்ஸ்மேன். தொடர்புகொண்டபோது அவருக்குக் கடவுச்சொல் நினைவில்லை. புதுக் கடவுச்சொல் பெறுவதற்கான ஓடிபி அவருடைய பழைய இந்திய எண்ணுக்குப் போகும். அந்த சிம் கார்டை அவருடைய தம்பி குளச்சலிலேயே உபயோகித்துக்கொண்டிருந்தார் என்பது அலுவலகத்தின் அதிர்ஷ்டம். ஓடிபி வந்தது, எண் கிடைத்தது, வட்டு திறந்தது. அதற்குள் ஒரு வீட்டு வரைபட அனுமதிக்கான தேதி தவறிவிட்டது. "பெட்டகத்தை வாங்கிச் சாவியை வெளிநாட்டுக்கு அனுப்பியிருக்கிறோம், தம்பி" என்று இன்ஜினியர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டிராப்ட்ஸ்மேனின் தம்பியும் சிம்மை மாற்றியிருந்தால் ஓராண்டுக்கு மேலான வேலை போயிருக்கும்.

பழைய ஐந்தில் இப்படி நடந்திருக்காது. 2019இல் அவற்றில் ஒன்றின் போர்டு போனபோது ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிப் பக்கத்து மிஷினில் மாட்டினோம். மதியச் சாப்பாட்டுக்குள் வேலை தொடர்ந்தது. பாதுகாப்பு என்று பார்த்தால் அது கேவலம்தான்; யார் திருடினாலும் எல்லாக் கோப்பும் அவர் கையில் இருந்திருக்கும். வட்டு தன்னைப் பூட்டிக்கொள்வதில் தவறில்லை. பூட்டியதைச் சொல்லாமல் பூட்டுவதில்தான் தவறு.

மைக்ராஸ்கோப்பின் கீழே

செத்த போர்டை நாகர்கோவில் வடசேரியில் போர்டு வேலை செய்யும் ஒருவரிடம் எடுத்துக்கொண்டு போனேன். மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தோம். விசிறி காற்றை இழுக்கும் பாதையின் ஓரத்தில் வெள்ளையும் பச்சையுமாகப் படிவு. திரைக்குப் போகும் கனெக்டரில் இரண்டு கால்களுக்கு நடுவே பாசி போலக் கிளைவிட்ட உலோக இழை. சார்ஜ் ஏறுவதைக் கட்டுப்படுத்தும் ஐசி சிப்பைச் சுற்றியும் அதே கதை. மூடியைப் பிடித்துக்கொள்ளும் காந்தத்தின் மேல் கறுப்புத் துகள்கள் ஒட்டிக்கிடந்தன. மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கடல் மணலைப் பார்த்தவர்களுக்கு அது புதிதில்லை. அதில் கலந்திருக்கும் இல்மனைட்டுக்கு லேசான காந்தத் தன்மை உண்டு.

நடந்ததைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்றதெல்லாம் இதிலிருந்துதான் விளங்கும். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தை எட்டும்போது அந்த ஈரத்தை இழுத்துத் தானே கரைந்து நீராகிவிடும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அது 33 சதவீத ஈரத்திலேயே கரைந்துவிடும். அதாவது நம் கடற்கரையில் போர்டின் மேல் படிந்த உப்பு ஆண்டின் பெரும்பகுதி ஈரமாகவே இருக்கிறது. யாரும் தண்ணீர் கொட்ட வேண்டியதில்லை. அந்த ஈரப் படலத்தின் இரு பக்கமும் வோல்டேஜ் வித்தியாசம் உள்ள இரண்டு கால்கள் இருந்தால், ஒன்றிலிருந்து உலோகம் கரைந்து மற்றொன்றில் படிந்து, அங்கிருந்து இழையாக வளரும். இழை போய்த் தொட்டால் ஷார்ட்.

இதற்கு இரண்டு பொருள் வேண்டும்: நெருக்கமான கால்கள், இடைவிடாத வோல்டேஜ். மெல்லிய புது மிஷினில் இரண்டும் கூடுதலாக இருக்கின்றன. பழைய போர்டுகளில் அதிகமாகப் பார்த்த சிறு கெபாசிட்டர் 1.0 மில்லிமீட்டர் நீளம், 0.5 மில்லிமீட்டர் அகலம். இப்போது 0.6 மில்லிமீட்டர் நீளமும் 0.3 மில்லிமீட்டர் அகலமும் உள்ளவை நெருக்கி அடுக்கப்பட்டிருக்கின்றன. திரை கனெக்டரில் பின்னொளிக்குப் போகும் வோல்டேஜ், அருகில் இருக்கும் சமிக்ஞைக் கம்பிகளில் உள்ளதைவிடப் பல மடங்கு. யூஎஸ்பி-சி துளையில் 24 கால்கள் அரை மில்லிமீட்டர் இடைவெளியில் நிற்கின்றன. மடிக்கணினி சார்ஜரில் 20 வோல்ட் வரை வரும் கால், சில வோல்ட்டுக்கு மேல் தாங்காத காலுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இடைவிடாத வோல்டேஜ் என்பதுதான் இந்த ஆய்வில் நான் எதிர்பார்க்காத இடம். பழைய மிஷின்களைப் பயன்படுத்தியவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. பேட்டரி தேய்ந்துவிடும் என்று கழற்றி மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு யுபிஎஸ்ஸில் நேராக ஓட்டினார்கள். மாலையில் அலுவலகத்தைப் பூட்டும்போது கூட்டிப் பெருக்கும் அக்கா மெயின் சுவிட்சை அணைத்துவிடுவார். அதோடு போர்டுக்கு வரும் மின்சாரம் நின்றது; மிஞ்சியது கடிகாரத்துக்கான சிறு பொத்தான் பேட்டரி மட்டும். உப்பு படிந்திருந்தாலும் இரவு முழுவதும் இழை வளர வழியில்லை. புதியதில் பேட்டரியைக் கழற்ற முடியாது. மூடியைச் சாத்தியவுடன் அது முழுமையாகத் தூங்குவதும் இல்லை. புது விண்டோஸ் மிஷின்களில் மூடிய பிறகும் மின்னஞ்சல் பார்க்க அவ்வப்போது விழித்துக்கொள்ளும் முறைதான் பெரும்பாலும் இருக்கிறது. அணைத்தாலும் பேட்டரிப் பாதையில் வோல்டேஜ் நிற்கிறது. பேட்டரியைக் கழற்றச் சொன்னவர்கள் நினைத்தது பேட்டரி ஆயுளை, பிழைத்தது போர்டு.

கடலுக்குப் போய்வருகிறவர்கள் வள்ளத்தின் மோட்டாரைக் கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவிவிடுகிறார்கள். மடிக்கணினிக்கு அந்தச் சலுகை கிடையாது.

மற்ற இரண்டு

இரண்டாவது மிஷினைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டச்பேட் மேலே எழும்பிவந்தது. திறந்தால் பேட்டரி உப்பியிருந்தது. நாள் முழுவதும் சார்ஜரில் போட்டபடி, நூறு சதவீதத்திலேயே, ஏசி இல்லாத வெக்கையில் ஓடிய மிஷின். லித்தியம் பேட்டரியை விரைவில் கெடுக்க இதைவிட நல்ல வழி இல்லை. 80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்தும் வசதி அந்த மிஷினிலேயே இருந்தது. நிறுவனம் தந்த செயலிக்குள் யாரும் போகாத ஒரு மூலையில். பழைய மிஷின்களின் கழற்றும் பேட்டரிக்குள் 18 மில்லிமீட்டர் தடிமனுள்ள உருளை செல்கள் எஃகு உறைக்குள் இருந்தன. அவையும் செத்தன, ஆனால் உப்பி மிஷினைப் பிளக்கவில்லை. மிஷின் மெலிய வேண்டும் என்பதற்காகப் பை போன்ற தட்டை செல்லுக்கு வந்தோம். அதற்கான விலை இது. புதுப் பேட்டரி வர மூன்று வாரம் ஆனது. வந்த பிறகு மிஷின் நன்றாக ஓடுகிறது. ஆகவே இதைப் பெரிய குற்றமாக எழுத மாட்டேன்.

மூன்றாவதில் யூஎஸ்பி-சி துளை தளர்ந்து, ஒரு பக்கம் சாய்த்துப் பிடித்தால்தான் சார்ஜ் ஏறியது. பிறகு அதுவும் நின்றது. வடசேரிக்காரர் துளையை மாற்றிப் பற்றவைத்துக் கொடுத்தார். கைத்திறன் உள்ளவர், விலையும் நியாயம். ஆனால் போர்டு முழுவதையும் சூடேற்றிச் செய்யும் வேலை அது. தவறினால் மிஷினே போய்விடும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பழைய மிஷின்களில் இதே பழுது இரண்டு முறை வந்திருக்கிறது. நான்கு திருகு, சில நூறு ரூபாய்க்கு ஒரு ஜாக், வேலை முடிந்தது.

இடையில் எல்லோரும் கேட்கும் ஒரு சந்தேகம்: அலுமினிய மிஷினைத் தொட்டால் லேசாக மின்சாரம் சுருக்கென்கிறதே, அதனால்தான் போர்டு போனதா? இல்லை. அது இரண்டு முள் சார்ஜருக்குள் இருக்கும் ஒரு கெபாசிட்டர் வழியாகக் கசியும் மிகச் சிறிய மின்னோட்டம். மூன்று முள் கேபிளும் ஒழுங்கான எர்த்தும் இருந்தால் நின்றுவிடும். இந்த அலுவலகத்தில் எர்த் சரியில்லாமல்தான் இருந்தது. அதைத் தனியாகச் சரிசெய்தோம்.

மார்த்தாண்டத்தில் இருந்த நான்காவது

அதே மாதிரி, அதே நாளில் வந்த பெட்டி, அதே வேலை. மார்த்தாண்டம் கிளை கடற்கரையை விட்டு நன்றாக உள்ளே, சந்தை நெரிசலில் இருக்கிறது. அதுவும் ஏசி இல்லாத அறைதான். மூன்று ஆண்டுக்குப் பிறகு திறந்து பார்த்தபோது தூசி நிறைய இருந்தது; படிவு இல்லை, இழை இல்லை. பேட்டரி தேய்ந்திருந்தது, உப்பவில்லை. கடல் உப்பு அலை உடையும் இடத்திலிருந்து உள்ளே போகப் போக வேகமாகக் குறைகிறது. முதல் சில நூறு மீட்டரிலேயே பெரும்பகுதி விழுந்துவிடும். ஆக, "இந்த மாதிரியே மட்டம்" என்று சொல்ல வழியில்லை. நல்ல மிஷின்தான், குளச்சல் மாடிக்கு ஏற்ற மிஷின் இல்லை. இணையத்தில் ஒரு மடிக்கணினிக்கு ஒருவர் ஐந்து நட்சத்திரமும் இன்னொருவர் ஒரு நட்சத்திரமும் கொடுக்கும்போது, இருவரும் எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

உரிமையாளரின் மேக்புக் ஏர் இன்னொரு முடிச்சு. அதே மாடி, அதே காற்று, ஏசி அறை என்ற வசதி மட்டும் கூடுதல். அதிலும் பாதி நாள் அவர் அதை வெளி மேசையில்தான் வைத்திருப்பார். அதற்கு ஒன்றும் ஆகவில்லை. 2020 நவம்பரில் வெளிவந்த அந்த எம்1 ஏரில் விசிறியே கிடையாது. விசிறி இல்லாத மிஷின் உப்புக்காற்றை உள்ளே உறிஞ்சுவதில்லை. இங்கே விலை உயர்ந்த புது மிஷின் பழையதைவிடத் தெளிவாக மேலானது, காரணமும் தெளிவு. ஆனால் அதிலும் ஒரு நாள் போர்டு போனால் ரேம், சேமிப்பு, செயலி எல்லாம் சேர்ந்தே போகும். கழற்றி மாட்ட எஸ்எஸ்டி என்று தனியாக ஒன்று அதில் இல்லை. அரிதாக வரும் பழுது, வந்தால் முழு இழப்பு. இதை இன்ஜினியரிடம் சொன்னபோது அன்று மாலையே வெளி வட்டில் நகல் எடுக்க ஆரம்பித்துவிட்டார்.

பழையவற்றின் மேல் உள்ள பாசம்

பழைய ஐந்தின் பழுதுப் பட்டியல் உண்மையில் நீளமானது. ஹார்ட் டிஸ்க்குகள் எல்லாம் ஒவ்வொன்றாகப் போயின, எஸ்எஸ்டி போட்டோம். கீபோர்டுகள், ஒரு மூடிக் கீல், இரண்டு விசிறி, பேட்டரிகள் சொல்லவே வேண்டாம். ஒன்றின் போர்டு போய், அதன் ரேமும் திரையும் கீபோர்டும் மற்ற நான்குக்கும் பிரிந்து போயின. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் புதியவை வெற்றி. ஆனால் எந்தப் பழுதும் ஒருவரை இரண்டு நாளுக்கு மேல் வேலை இல்லாமல் உட்காரவைக்கவில்லை. எதுவும் சில ஆயிரம் ரூபாயைத் தாண்டவில்லை. ஒரு கோப்பும் தொலையவில்லை. மிஷின் துண்டு துண்டாகச் செத்தது, துண்டு துண்டாகவே பிழைத்தது. கடையில் மிஷின் வாங்கும்போது "எத்தனை வருடம் வரும்?" என்று கேட்கிறோம். "ஒன்று போனால் கூட எதெல்லாம் போகும்?" என்றுதான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

அதே நேரம், பழையது என்பதற்காகவே கும்பிட வேண்டியதில்லை. இன்று கையில் இருக்கும் பழைய மிஷின்கள், சாகாமல் மிஞ்சியவை; செத்தவை கண்ணில் படாததால் நமக்குப் பழையது எல்லாமே உழைத்ததாகத் தோன்றுகிறது. 2008இல் மடிக்கணினிகளில் இருந்த தன் கிராபிக்ஸ் சிப்புகள் கூட்டமாகப் பழுதானதால் என்விடியா அந்தச் செலவுக்கென்று பெரும் தொகையை ஒதுக்க வேண்டியிருந்தது. 2011ஆம் ஆண்டு 15 அங்குல, 17 அங்குல மேக்புக் ப்ரோக்களில் கிராபிக்ஸ் பழுது பரவலாகி, 2015 பிப்ரவரியில் ஆப்பிள் இலவசப் பழுதுபார்ப்பு அறிவித்தது. பலரும் பொற்காலம் என்று புகழும் 2015 மாதிரி 15 அங்குல மேக்புக் ப்ரோவின் பேட்டரி சூடேறுகிறது என்று 2019 ஜூனில் திரும்பப் பெற்றார்கள். புதுமை என்று கொண்டுவந்தது கெடுத்த கதையும் உண்டு: 2015இல் ஆப்பிள் கொண்டுவந்த மெல்லிய பட்டர்ஃபிளை கீபோர்டு ஒரு தூசியில் தடுமாறியது, 2018இல் இலவச மாற்றுத் திட்டம், 2019 நவம்பரில் வந்த 16 அங்குல மாதிரியில் பழைய முறைக்கே திரும்புதல், 2022இல் அமெரிக்க வழக்கில் 5 கோடி டாலர் சமரசம் என்று அது முடிந்தது. 2018 பிப்ரவரியில் லெனோவா தன் எக்ஸ்1 கார்பன் ஐந்தாம் தலைமுறையைத் திரும்பப் பெற்றது உள்ளே ஒரு திருகு கழன்று பேட்டரியைக் குத்தலாம் என்பதற்காக. விலை உயர்ந்த ரகமும் தப்பவில்லை, பழைய காலமும் தப்பவில்லை.

எதை வாங்குவது என்ற பேச்சு

2025 அக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. பழைய நான்கும் ஐந்தாம் தலைமுறை இன்டெல் செயலி. விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும். வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் பெற ஒரு வழியை மைக்ரோசாப்ட் விட்டிருந்தாலும் அது தவணைதான். வரைபட மென்பொருளான ஆட்டோகேட் ஓட வேண்டிய இடத்தில், அது ஓடாத லினக்ஸ் பற்றிப் பேசிப் பயனில்லை. இரும்பு நன்றாக இருக்க மென்பொருள் வந்து மிஷினை ஓய்வுக்கு அனுப்புகிறது. நம்பகத்தன்மை பற்றிப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நான் முதலில் சொன்னது மேசைக் கணினி. மடிக்கணினிகளில் பெரும்பாலானவை அந்த மேசையை விட்டு நகர்ந்ததே இல்லை. இன்ஜினியர் ஏற்கவில்லை, அவர் சொன்ன காரணமும் நியாயமானது. 2017 நவம்பர் 30இல் ஒக்கி புயல் அடித்தபோது இந்த மாவட்டத்தில் பல இடங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. சாதாரண மழைக்காலத்திலும் ஒரு தென்னை மட்டை கம்பியில் விழுந்தால் மதியம் வரை இருட்டு. யுபிஎஸ் ஓய்ந்த பிறகும் மடிக்கணினி ஓடும்.

அடுத்து, கைமாறி வரும் பிசினஸ் ரகம். பெரிய நிறுவனங்கள் குத்தகை முடிந்து திருப்பித் தருபவை கணினிச் சந்தையான சென்னை ரிச்சி தெரு வழியாக நம் ஊர்க் கடைகளுக்கும் வந்து சேர்கின்றன. 2018இன் திங்க்பேட் டி480 இந்த வகையில் பலருடைய செல்லப்பிள்ளை: எட்டாம் தலைமுறை செயலி, இரண்டு ரேம் ஸ்லாட், பின்னால் கழற்றும் பேட்டரி, தண்ணீர் கொட்டினால் வடிய வழியுள்ள கீபோர்டு. நல்ல நிலையில் உள்ளது 20,000 ரூபாயை ஒட்டிக் கிடைத்தது. அதையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. அதன் இரண்டு யூஎஸ்பி-சி துளைகளும் போர்டிலேயே இருக்கின்றன. அதில் யூஎஸ்பி-சி வழியே வேகமாகத் தரவு கடத்தும் தண்டர்போல்ட் பகுதியின் ஃபர்ம்வேரில் (சிப்புக்குள் இருக்கும் மென்பொருளில்) இருந்த பிழைக்கு லெனோவா வெளியிட்ட திருத்தத்தைப் போட்டிருக்கிறதா என்று முதல் நாளே பார்க்க வேண்டும். போடாமல் விட்டால் துளை வேலை செய்யாமல் போகும். பின்னால் கழற்றும் பேட்டரி தவிர உள்ளேயும் ஒன்று இருக்கிறது. ஆகவே பழைய ஐந்துக்கு வாய்த்த இரவு ஓய்வு இதற்கு முழுமையாகக் கிடைக்காது. அடுத்த ஆண்டின் டி490இல் பின் பேட்டரியும் போய், ஒரு ரேம் போர்டிலேயே ஒட்டிக்கொண்டது. "ஒரு எண்தானே கூடுதல், அதுவே இருக்கட்டும்" என்று கடைக்காரர் தள்ளிவிடப் பார்த்தார். தெரிந்து போனதால் தப்பினோம்.

புதியதே வேண்டும் என்பவர்களுக்கும் கதவு முழுவதும் சாத்தப்படவில்லை. 2024இல் வந்த திங்க்பேட் டி14 ஐந்தாம் தலைமுறையில் இரண்டு ரேம் ஸ்லாட் திரும்பி வந்தது. பழுதுபார்க்கும் எளிமைக்கு, கருவிகளைப் பிரித்துப் பார்த்து மதிப்பெண் போடும் ஐஃபிக்ஸிட் தளம் 10க்கு 9 கொடுத்தது. வேகமான குறைமின் ரேமைப் போர்டில் பற்றவைப்பதற்கு, தடங்கள் குட்டையாக இருக்க வேண்டும் என்ற உண்மையான காரணம் உண்டு. எல்லாமே வியாபாரத் தந்திரம் என்று திட்டுவது சரியில்லை. அந்தக் காரணத்தையும் தாண்ட, திருகி மாட்டக்கூடிய எல்பிகேம்2 என்ற புது ரேம் தட்டு வந்திருக்கிறது. 2024இன் திங்க்பேட் பி1 ஏழாம் தலைமுறையில் அது இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரி 18 முதல் இப்படிப்பட்ட கருவிகளின் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்ற முடிய வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அந்த மாற்றம் நம் கடைகளுக்கும் வந்தால் குளச்சலுக்கு லாபம்தான். நம் நாட்டிலும் 2022 டிசம்பரில் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கான இணைய வாசலைத் திறந்தது. போர்டின் விலையை அது குறைத்துத் தருவதில்லை.

கடைசியில் குளச்சலுக்கு டி480 மூன்று வந்தன. பாகங்களுக்காக, திரை உடைந்த நான்காவது ஒன்றையும் குறைந்த விலைக்கு வாங்கிவைத்தோம். புதிய மாதிரியில் குளச்சலில் ஓடிய இரண்டும் மார்த்தாண்டத்துக்கு மாறின. அங்கே அவற்றுக்குக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. செத்த முதல் மிஷினின் திரை, பேட்டரி, மூடி மூன்றும் அவற்றுக்காக அலமாரியில் இருக்கின்றன. எல்லா மிஷினின் 48 இலக்க எண்ணும் அச்சடித்து இன்ஜினியரின் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. கணக்குகள் அலுவலகப் பெயருக்கு மாற்றப்பட்டன. சார்ஜ் 80இல் நிற்கிறது. மாலையில் மிஷினை மூடினால் போதாது, முழுவதும் அணைக்க வேண்டும், டி480இல் பின் பேட்டரியையும் கழற்றிவிட வேண்டும் என்று ஏற்பாடு. மழைக்காலம் முடிந்ததும் ஒவ்வொன்றையும் திறந்து ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைக்கிறேன். மேற்குச் சன்னலை மூடிவிட்டு அந்த அறைக்கும் ஏசி போட்டால் இதில் பாதி வேலை மிச்சம் என்று சொல்லியிருக்கிறேன். ஏசியின் வெளிப்பெட்டியை அதே உப்புக்காற்று எத்தனை ஆண்டு விட்டுவைக்கும் என்று இன்ஜினியர் திருப்பிக் கேட்டிருக்கிறார். அதற்கு இரண்டு கடைகளில் விலை விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.